நின்ற வண்டியின் மின்சாரத்தைத் தின்பது எது?

பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. ஞாயிறு மாலை நன்றாக ஓடிய வண்டி நான்கு நாள் கொட்டகையில் நின்றபின், சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓர் ஓசையோடு அடங்கிவிடுகிறது. அக்கம்பக்கத்தார் கூடித் தள்ளுகின்றனர், வண்டி புறப்படுகிறது, அன்று முழுவதும் குறையின்றி ஓடுகிறது. மறுவாரம் மீண்டும் அதே கதை. "பாட்டரி போய்விட்டது" என்று தீர்ப்பு வழங்கிப் புதியதை வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டொரு மாதங்களில் அதுவும் படுத்துவிடுகிறது. உண்மையில் பாட்டரி களவு கொடுத்த வீட்டுக்காரனே ஒழிய, களவாடியவன் அன்று.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு பாட்டரியின் விலை பல நாள் வருமானம். குருக்கள் இல்லத்து வண்டியிலோ வேறொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. நள்ளிரவில் ஒரு கிளைக் கிராமத்திலிருந்து, "சாமி, அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது" என்று அழைப்பு வரும்போது, நோயில்பூசுதலுக்குரிய எண்ணெயோடும் நற்கருணையோடும் புறப்படும் குருவானவர், வண்டியைத் தள்ள ஆள் தேடிக்கொண்டு நிற்கலாகாது அன்றோ? ஆகவே இக்களவைக் கண்டுபிடிக்கும் வழியை வாசக அன்பர்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சாதாரணக் கார் பாட்டரி ஒன்று 50 ஆம்பியர்-மணி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் ஏறக்குறைய 50 மணி நேரத்தில் காலியாகும் என்பது இதன் பொருள். டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும். மிகச் சிறிய அளவுதான். ஆனால் இரவும் பகலும் இழுத்தால் நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணி போய்விடும். மூன்றே நாளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கணினிகள் பொருத்திய இக்காலத்து வண்டிகள் நிற்கும்போதும் சிறிது மின்சாரம் உண்ணும், 0.05 ஆம்பியர் வரை அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கணினி ஏதும் இல்லாத பழைய வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அது நிற்கும்போது இழுக்கும் அளவு ஏறக்குறைய சுழியமாகவே இருக்க வேண்டும்.

வண்டியைப் பிரிக்குமுன் பாட்டரியின் மீதுள்ள ஐயத்தை நீக்கிக்கொள்வது நல்லது. இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பாட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, நான்கு நாள் சும்மா விட்டுவிடுங்கள். பிறகு மீட்டரால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் நின்றால் அது நிறைந்த பாட்டரி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. தனித்திருக்கும்போது நிலைத்து நின்று, வண்டியோடு இணைத்தால் மட்டும் இறங்குகிறதா? கள்ளன் வண்டிக்குள் இருக்கிறான். தனித்திருந்தும் இறங்குகிறதா? பாட்டரியே பழுது. எத்தனையோ வீண் செலவுகளை இந்த நான்கு நாள் பொறுமை தவிர்த்துவிடும்.

பாட்டரியின் மேற்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆசிடும் தூசியும் கலந்து படிந்த ஈர அழுக்கு, இரு முனைகளுக்கும் நடுவே ஒரு நடைபாதை போட்டுவிடும். அதன் வழியே மின்சாரம் மெல்லக் கசியும். ஆப்பச் சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். மூடித் துளைகளின் வழியே அந்நீர் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வேட்டை. பட்டறைகளில் முற்காலத்து மெக்கானிக்குகள் கையாண்ட முறை மிக எளியது. சாவியை எடுத்து, விளக்குகளை அணைத்து, கதவுகளை மூடிவிட்டு, எர்த் ஒயரை மட்டும் பாட்டரி முனையிலிருந்து கழற்றுவார்கள். கழற்றிய ஒயருக்கும் முனைக்கும் நடுவே ஒரு சிறிய 12 வோல்ட் பல்பைப் பிடிப்பார்கள். வண்டியில் எதுவும் மின்சாரம் இழுக்கவில்லையெனில் பல்பு எரியாது. மின்னினால் எங்கோ ஒழுகுகிறது. பல்பு காட்டாத நுண்ணிய கசிவையும் மல்ட்டிமீட்டர் காட்டிவிடும். அதன் ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, அதே இடத்தில் இணைக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் எடுக்கலாகாது. அந்த மின்னோட்டத்தில் மீட்டரின் ஃபியூஸ் நொடியில் கருகிவிடும்.

மிகப் பழைய சில வண்டிகளில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். ஆகவே நிறத்தையோ குறியையோ நம்பாமல், உடலோடு இணைந்த ஒயர் எதுவோ அதையே முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுக. கைவிரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். திருமண மோதிரமாயினும் இந்த அரைமணி நேரம் விதிவிலக்கு உண்டு. பாட்டரியின் முனையும் இரும்பும் அதன் வழியே தொட்டுக்கொண்டால் விரல் வெந்துவிடும். பீடி, தீக்குச்சி அருகே வேண்டாம். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

கசிவு தெரிந்தபின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து மீட்டரைப் பார்க்க வேண்டும். எதை எடுத்தபோது எண் சட்டென்று விழுகிறதோ, அந்த ஃபியூஸின் வழியில்தான் கள்ளன் இருக்கிறான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் ஒன்றும் புலப்படாது. புனித லொயோலா இஞ்ஞாசியார் தனி ஆன்ம சோதனையைக் கற்பித்தபோது, ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டுமே கண்காணிக்கச் சொன்னதை எங்கள் குருமடத்தில் படித்திருக்கிறோம். எலக்ட்ரீஷியன்களும் அதே வழிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் பழைய வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் ஃபியூஸ்கள் மிகச் சிலவே. பல ஒயர்கள் ஃபியூஸைத் தொடாமலே செல்லும். எங்கள் பங்கின் அம்பாசிடர் காரில் நேர்ந்தது இதுவே. அந்த வண்டிகளின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் உத்தர்பாராவில் நின்றுபோயிற்று; எங்களுடையதோ அதற்கும் பல ஆண்டுகள் முந்தியது. ஞாயிறன்று கிளைக் கிராமங்களின் திருப்பலிகளுக்குச் சென்று வந்தபின் அது பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கும். மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லப் புறப்பட்டால் எழும்பாது. பங்குக் கணக்கேட்டைப் புரட்டினால் மூன்றாண்டுகளில் மூன்று பாட்டரிகள் வாங்கிய செலவு எழுதப்பட்டிருந்தது. விற்ற கடைக்காரர் ஒவ்வொரு முறையும் பழையதைக் குறை கூறினாரேயன்றி, வண்டியை அளந்து பார்த்தவர் எவருமில்லை.

உபதேசியாரின் மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்தவர். அவர் மீட்டரை இணைத்ததும் 0.4 ஆம்பியர் காட்டியது. ஃபியூஸ்களை எடுத்தார், எண் அசையவில்லை. பாட்டரி இணைப்பை நீக்கிவிட்டு, ஆல்ட்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி மறுபடியும் அளந்தார். அப்போதும் அதே 0.4. அதன்பின் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, பாட்டரியின் முனையில் எத்தனை ஒயர்கள் இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணினார். தொழிற்சாலையில் மாட்டாத மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று கூடுதலாக இருந்தது. அது தரைவிரிப்பின் அடியில் ஓடி, பின் இருக்கைக்குக் கீழே சென்று முடிந்தது. அங்கே கையை விட்டவர், "சாமி, இந்தப் பெட்டி சுடுதுங்க" என்றார்.

மாதா திருவிழாத் தேர்பவனியையும் கல்லறைத் திருநாளையும் ஊரூராக அறிவிப்பதற்காக எப்போதோ பொருத்திய ஒலிபெருக்கிப் பெட்டி அது. முன்னால் இருந்த சுவிட்சு மைக்கை மட்டுமே நிறுத்தியது. பெட்டி இரவு பகலாக விழித்தேயிருந்தது. ஞாயிறு மாலை முதல் வெள்ளி காலை வரை ஏறத்தாழ 108 மணி நேரம், அதை 0.4-ஆல் பெருக்கினால் 43 ஆம்பியர்-மணி. ஐம்பதில் நாற்பத்து மூன்று போனபின் எந்தப் பாட்டரிதான் எழுந்து நிற்கும்? இதைவிட அச்சம் தந்தது, அந்தச் சிவப்பு ஒயரில் ஃபியூஸே இல்லாததுதான். விரிப்பின் அடியில் எங்காவது உராய்ந்து உடலைத் தொட்டிருந்தால் வண்டியே தீப்பற்றியிருக்கும். இப்போது பாட்டரியின் அருகிலேயே அதற்கொரு ஃபியூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும்படி ரிலே ஒன்றின் வழியாக இணைத்திருக்கிறோம். ரிலே, ஃபியூஸ், ஒயர் மூன்றும் சேர்ந்து ஒரு பாட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பிறர் வண்டிகளில் கள்ளன் வேறு இடங்களில் ஒளிந்திருக்கலாம். கதவுத் தூணில் உள்ள சிறு சுவிட்சு துருப்பிடித்து அமுங்காதிருத்தல், பிரேக் விளக்கின் சுவிட்சு சிக்கிக்கொள்ளுதல், பிறகு பொருத்திய பாட்டுப் பெட்டி, திருட்டு எச்சரிக்கைக் கருவி ஆகியவை வழக்கமான ஐயத்துக்குரியோர். டிக்கி விளக்கைச் சோதிக்க, மூடிச் சில நிமிடம் கழித்துத் திறந்து பல்பைத் தொட்டுப் பார்த்தால் போதும், சூடு சொல்லிவிடும். ஆல்ட்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றியபோது எண் விழுந்தால், அதனுள் இருக்கும் டயோடு பழுதாகிப் பின்னோக்கி ஒழுகுகிறது என்று பொருள். டைனமோ வைத்த மிகப் பழைய வண்டிகளில் கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது எஞ்சின் நின்றபின் பாட்டரி டைனமோவையே மோட்டாராகச் சுழற்ற முயலும்; மின்சாரம் வெகுவாகப் பாயும்; ஒயர்கள் சுடும். அந்நிலையில் சோதனையெல்லாம் பிறகு. உடனே எர்த் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

கசிவை நிறுத்தியபின், இறங்கிப்போன பாட்டரியை வண்டியில் ஓட்டியே நிரப்பிவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். கோயிலுக்கும் கடைவீதிக்கும் சென்று வரும் கால்மணி ஓட்டத்தில் அது நிரம்பாது. கழற்றிப் பட்டறையில் கொடுத்து, 5 ஆம்பியர் வீதம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். பல நாள் காலியாகக் கிடந்த பாட்டரியின் ஈயத் தகடுகளில் கந்தகப் படிவு இறுகிவிடுவதால் சில பாட்டரிகள் பழைய கொள்ளளவுக்குத் திரும்புவதில்லை. அவ்வாறானால் புதியது வாங்க வேண்டியதுதான். ஆனால் மீட்டர் சுழியத்தைக் காட்டிய பிறகு வாங்குங்கள்.