தங்க ரதம் நம் ஊரில் நிற்குமா?

தீபாவளிச் சரக்கு தீர்ந்து, பொங்கல் வெல்லம் வந்து இறங்குவதற்குள் நமக்குக் கொஞ்சம் மந்தமான நாட்கள். வெளிநாட்டுப் பயணிகள் நம் நாட்டுக்குத் திரண்டு வருவது அந்தக் குளிர்காலத்தில்தான். அவர்களை நம்பி ஓடும் சொகுசு ரயிலை வியாபாரிக் கண்ணோடு சற்றுப் பார்ப்போம்.

பழைய பெட்டியைப் புதுச் சரக்காக்கி விற்கும் வித்தை இது. 1883-இல் பாரிஸிலிருந்து கிளம்பிய ஓரியண்ட் எக்ஸ்பிரஸின் புகழ் மங்கிய பின், ஜேம்ஸ் ஷெர்வுட் என்பவர் 1977-இல் மாண்டி கார்லோ ஏலத்தில் இரண்டு பழைய பெட்டிகளை வாங்கினார். மேலும் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து, 1982 மே மாதம் லண்டன்–வெனிஸ் பயணத்தைத் தொடங்கினார். நம்மவர்கள் அவரையும் முந்திவிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரி 26 அன்றே, மகாராஜாக்களின் சலூன் பெட்டிகளை முதலாக வைத்து, ராஜஸ்தானுக்குப் ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ புறப்பட்டுவிட்டது.

தெற்கே 2008-இல் வந்தது கர்நாடகத்தின் ‘கோல்டன் சாரியட்’. ஹம்பியின் கல் தேர்தான் பெயருக்குக் காரணம். 40 அறைகள், 80 பயணிகள். இடையில் நின்றிருந்து, 2024 டிசம்பரில் ஐ.ஆர்.சி.டி.சி. பொறுப்பில் மீண்டும் கிளம்பியபோது, ஐந்து இரவுப் பயணத்துக்குத் தலைக்கு 4,00,530 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. தனி. (மகாராஜா வண்டியானாலும் வரி வரிதான்!)

அதன் தென்னகப் பயணத்தில் மைசூர், காஞ்சிபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு, கொச்சி எல்லாம் உண்டு. மைசூருக்கும் காஞ்சிக்கும் நடுவில் இருக்கும் ஆம்பூர், வேலூர் இல்லை. நமக்கு உறுத்துவது இதுதான்.

விற்க நம்மிடம் சரக்கில்லையா? திப்பு சுல்தானின் மைசூரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அக்கதையின் அடுத்த பாகம் வேலூர்க் கோட்டை. திப்புவின் குடும்பத்தாரைக் காவலில் வைத்திருந்ததும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். காட்பாடியில் இறங்கினால் சில கிலோமீட்டர். ரயிலில் ஆசையுள்ளவர்களுக்கு வாலாஜா ரோடு இருக்கிறது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த ஊர் அது. ஆம்பூரில் தைத்த காலணி ஐரோப்பியக் கடைகளில் விற்கிறது. ஆனால் அதைத் தைக்கும் ஊரை அந்த வாடிக்கையாளர் பார்த்ததில்லை.

80 பேர் வந்து துவரம் பருப்பா வாங்கப் போகிறார்கள் என்று சிலர் சிரிக்கலாம். நியாயந்தான். சாப்பாடும் பெரும்பாலும் ரயிலுக்குள்ளேயே முடிந்துவிடும். இறங்கினாலும், கமிஷன் தரும் பெரிய ஷோரூமுக்கே வழிகாட்டி அழைத்துப் போவது எங்கும் உள்ள பழக்கம். ஆயினும் கையில் தூக்கிப் போகும் சரக்கு நம் கடைகளில் உண்டு. ஆற்காடு மக்கன் பேடா, தோல் பர்ஸ், பெல்ட் எல்லாம் பெட்டியில் அதிக இடம் அடைக்காது. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரியாணியோடு அதன் தொக்கையும் வைத்தால் ஒரு மதியச் சாப்பாடு ரயிலுக்கு வெளியே நடக்கும்.

ஆகவே அரை நாள் நிறுத்தம் கேட்டு, சுற்றுலாத் துறைக்கும் ஐ.ஆர்.சி.டி.சி.க்கும் நம் சங்கங்கள் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். மனுவோடு ஒரு மாதிரிப் பொட்டலமும் போகட்டும். பேடா எத்தனை நாள் தாங்கும், விலை என்ன என்று அதில் அச்சடித்திருக்க வேண்டும்.