96 கோர் இருந்தும் விளையாட்டில் பின்தங்குவது ஏன்?

கம்ப்யூட்டருக்கு ஒரு மூளை உண்டு. அதற்கு "பிராசசர்" என்று பெயர். "சிப்" என்றும் சொல்வார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

லேப்டாப்புக்கு ஒரு வகை சிப். சர்வருக்கு இன்னொரு வகை சிப்.

சர்வர் என்றால் ஓட்டல் சர்வர் அல்ல! ஆனால் வேலை என்னவோ அதைப் போன்றதுதான். ஓட்டல் சர்வர் பல மேஜைகளுக்குப் பரிமாறுகிறார். கம்ப்யூட்டர் சர்வர் பல ஆயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் தகவல் பரிமாறுகிறது. பாங்கிக் கணக்கு, ரெயில் டிக்கெட் எல்லாம் சர்வர் வழியாகத்தான் நமக்கு வருகின்றன. அது இரவும் பகலும் ஓய்வின்றி உழைக்கும்.

அப்படியானால் அதன் சிப் லேப்டாப் சிப்பைவிட வலிமையானதாகத்தானே இருக்கும்? அதில் கம்ப்யூட்டர் விளையாட்டும் பிரமாதமாக ஓடும் அல்லவா?

அதுதான் இல்லை!

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள கம்பெனி ஏ.எம்.டி. அது 2022-ம் ஆண்டு நவம்பரில் "எபிக் 9654" என்ற சர்வர் சிப்பை வெளியிட்டது. அப்போது அதன் விலை 11,805 டாலர். 2023-ல் "ரைசன் 9 7945எச்.எக்ஸ்" என்ற லேப்டாப் சிப்பும் வந்தது.

சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிக்குக் "கோர்" என்று பெயர். இந்த இரண்டு சிப்புகளிலும் உள்ள கோர் ஒரே வகைதான். எட்டு எட்டுக் கோர்களாகத் துண்டு துண்டாகச் செய்கிறார்கள். இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் லேப்டாப் சிப். அதில் 16 கோர். பன்னிரண்டு துண்டுகளைச் சேர்த்தால் சர்வர் சிப். அதில் 96 கோர்!

வேகத்தில் மட்டும் வேறுபாடு. லேப்டாப் சிப்பின் உச்ச வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 540 கோடி துடிப்பு. சர்வர் சிப்பின் உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ்தான்.

ஏன் குறைத்தார்கள்? வேகம் கூடினால் மின்சாரம் கூடும், சூடும் கூடும். குறைந்த வேகத்திலேயே அந்தச் சர்வர் சிப்பின் கணக்கு 360 வாட். அது 75 வாட் மின்விசிறிகள் ஐந்து ஓடுவதற்குச் சற்றுத்தான் குறைவு. 96 கோரையும் முழு மூச்சாக ஓடவிட்டால் அந்தச் சூட்டை யார் தணிப்பது?

ஒரு தோசை, பத்து ஆள்

ஒரு தோசை வேக இரண்டு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அடுப்பைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால், அந்த ஒரு தோசை சீக்கிரம் வெந்துவிடுமா? வேகாது. ஆனால் கல்யாண வீட்டில் 200 தோசை வேண்டும் என்றால், பத்துக் கல்லும் பத்து ஆளும் இருப்பது எவ்வளவு உதவி!

சர்வருக்கு வருவது கல்யாண வீட்டு வேலை. ஒருவருடைய டிக்கெட்டுக்கும் இன்னொருவருடைய டிக்கெட்டுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

விளையாட்டு அப்படி அல்ல. திரையில் விநாடிக்கு 60 படம் ஓட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம். அதற்குள் பையன் பொத்தானை அழுத்தியதைப் பார்க்க வேண்டும். வீரன் குதித்தானா என்று கணக்கிட வேண்டும். பிறகு குண்டு பட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் படம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. சத்தம் போன்ற சில வேலைகளைப் பிரித்துக் கொடுக்கலாம். மீதிக் கோர்கள் வேலையில்லாமல் சும்மா இருக்கும்.

இந்த உண்மையை 1967-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்க எஞ்சினீயர். ஒரு வேலையில் பாதியைப் பிரிக்க முடியாது என்றால், எத்தனை கோர் சேர்த்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது!

படம் தீட்டுவது யார்?

விளையாட்டில் இன்னொரு விஷயம். திரையில் படம் தீட்டுவது "கிராபிக்ஸ் சிப்" என்ற தனிச் சிப். அது மட்டமாக இருந்தால், மூளை எவ்வளவு சிறந்ததாக இருந்தும் பயனில்லை.

லேப்டாப்புக்கும் குறை உண்டு. மெல்லிய பெட்டி. சூடு வெளியேற வழி குறைவு. சூடு ஏறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும்போதும் வேகம் குறையும். ஆகவே மின் இணைப்பில் போட்டு விளையாடுவதே நல்லது. மெத்தையின் மேல் வைக்காதீர்கள். காற்றுத் துவாரம் அடைபடும்.

வாங்கும் முன் கேளுங்கள்

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? பழைய சர்வர் சிப் போட்ட கம்ப்யூட்டர்கள், "14 கோர், மலிவு விலை, விளையாட்டுக்கு ஏற்றது" என்று விற்பனைக்கு வருகின்றன. மகன் கேட்கிறான் என்று தகப்பனார் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறார்.

2016-ல் வந்த இன்டெல் "சியான் இ5-2680 வி4" அப்படி ஒரு சிப். கோர் 14 உண்டு. உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். படம் தீட்டும் பகுதி உள்ளே கிடையாது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியே பணம் வேண்டும். விண்டோஸ் 11 ஏற்கும் சிப்புகளின் பட்டியலிலும் அது இல்லை. கார்ட்டூன் படங்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவது போன்ற, பிரித்துச் செய்யும் வேலைக்கு அது உதவும். விளையாட்டுக்கு வாங்கினால் ஏமாற்றம்தான்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு கோரின் உச்ச வேகம் என்ன? சிப் எந்த ஆண்டில் வந்தது? கிராபிக்ஸ் சிப் எது? விளையாட்டுக்கு ஆறு அல்லது எட்டு நல்ல கோர்கள் பெரும்பாலும் போதும்.

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டில் இருவருக்குமே வேலை உண்டு. எங்கோ ஒரு சர்வர், ஆடுபவர்கள் எல்லோருடைய கணக்கையும் வைத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டு லேப்டாப் படத்தைக் காட்டுகிறது. சர்வர் அங்கேயே இருக்கட்டும். அதை வீட்டுக்குக் கொண்டுவருவது, யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான்!