கால் போகும் முன்னே...
அறுவை சிகிச்சையா, பலூனா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நேரத்தில் போய்ச் சேர்வது நோயாளியின் கையில்.

தாராவியில் காலை இழப்பவர் பெரும்பாலும் பிழைப்பையும் சேர்த்தே இழக்கிறார். மூட்டை தூக்குவது, வண்டி தள்ளுவது, தையல் மிஷினை மிதிப்பது என்று எல்லாமே காலை நம்பிய வேலைகள். இரவு திரும்பினால் வீடு செங்குத்தான ஏணியின் மேலே இருக்கிறது.

நோய் சத்தமில்லாமல் ஆரம்பிக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்; நின்றால் விட்டுவிடும். 'வாயு', 'வயசாச்சு' என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள். உண்மையில் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை குறுகியிருக்கலாம். அடுத்த கட்டத்தில் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால்தான் தூக்கம் வரும். பிறகு ஆறாத புண், கறுக்கும் விரல்.

மாட்டுங்கா, செம்பூர் குடியிருப்புகளில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரையும் இது விடுவதில்லை. அங்கே வழி காட்டுவது சர்க்கரை. பல ஆண்டு சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியை மழுங்கடிப்பதால் வலி என்ற எச்சரிக்கை மணியே அடிக்காமல் போகலாம். செருப்புக் கடி புண்ணாகி, விரல் கறுத்த பின்புதான் தெரியவரும்.

பீடி, சிகரெட் பிடிக்கும் இளைஞர்களுக்கு வேறொரு ஆபத்து. நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர் 1908-இல் விவரித்த 'பர்கர் நோய்' 50 வயதுக்கு உட்பட்டவர்களின் சிறு ரத்தக்குழாய்களை அடைக்கிறது. குழாய்கள் மிகச் சிறியவை என்பதால் பைபாஸ் பல சமயம் சாத்தியமில்லை. புகையிலையை அடியோடு விடுவதே முதல் மருந்து.

கத்தியும் பலூனும்

1948-இல் பிரான்ஸில் ழான் குன்லின், நோயாளியின் சொந்தக் காலிலிருந்தே சிரையை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுப்பாதை அமைத்தார். 1964-இல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை விரித்தார். கால் பிழைத்தது. 1974-இல் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் அதில் பலூனைச் சேர்த்தார். ஸ்டென்ட் பின்னர் வந்தது.

எது சிறந்தது? 2022-இல் வெளியான பெரிய ஆய்வு, நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸே மேல் என்றது. முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களைப் பற்றிய 2023 ஆய்வில் பலூன் முந்தியது. ஆளைப் பார்த்து, அடைப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டிலுமே சிக்கல் உண்டு. பைபாஸில் தையல் புண் சீழ்பிடிக்கலாம், புதுக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். பலூனில் ஊசி குத்திய தொடையிடுக்கில் ரத்தம் கசியலாம். படம் எடுக்கச் செலுத்தும் சாயம் பலவீனமான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். விரித்த இடம் மீண்டும் சுருங்கலாம். வீடு திரும்பிய பிறகும் மாத்திரையும் பரிசோதனையும் தொடர வேண்டும்.

ஆறு மணி நேரம்

கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் அது அவசரம். பல சமயம் இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி தமனியை அடைத்திருக்கும். 1963-இல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் குழாயால் அதை இழுத்து எடுத்துவிடலாம். ஆனால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள். தாமதமானால், ரத்தம் திரும்பியதும் தசை வீங்கி, உள்ளே சேர்ந்த நச்சுகள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருப்பது காலையே விலையாகக் கேட்கும்.

தாராவிக்குப் பக்கத்திலேயே மாநகராட்சியின் சயான் மருத்துவமனை இருக்கிறது, பரேலில் கே.இ.எம். இருக்கிறது. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே காப்பீட்டுத் திட்டத்தில் தங்கள் சிகிச்சை சேருமா என்று மருத்துவமனையில் உள்ள 'ஆரோக்யமித்ரா'விடம் கேட்கலாம். ரேஷன் கார்டைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

முதல் பரிசோதனைக்குக் கத்தியும் வேண்டாம், பலூனும் வேண்டாம். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் பாதையில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டு, கணக்கு பொய்யாக உயரக்கூடும் என்பதால் கால்விரலிலும் அளப்பது உண்டு. நடந்தால் இழுத்துப் பிடிக்கும் கால் உள்ளவர்கள் கேட்டுப் பெற வேண்டிய சோதனை இது.