தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று

ஆவடியை அடுத்துள்ள எங்கள் தெருவில், குழாயில் தண்ணீர் வரும்போது முதல் குடத்தை யாரும் குடிக்க எடுப்பதில்லை. செடிகளுக்கு ஊற்றிவிட்டு, நிறம் தெளிந்த பிறகே குடிக்கப் பிடிக்கிறோம். முதல் குடத்தை ஒதுக்குவது அறிவார்ந்த செயல். ஆனால், தெளிந்துவிட்டால் தூய்மையாகிவிட்டது என்று நம்புவது பிழை. அந்தப் பிழைக்கு முதலில் விலை கொடுப்பவர்கள் குழந்தைகள்.

செம்பரம்பாக்கத்தில் 2007-இல் இயங்கத் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. அங்கு நீர் வடிகட்டப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டே புறப்படுகிறது. சிக்கல் வழியில்தான் நேர்கிறது. சில மணி நேரம் மட்டுமே நீர் விடப்படும் குழாயில், விநியோகம் நின்றதும் அழுத்தம் குறைகிறது. அப்போது விரிசல்களும் தளர்ந்த இணைப்புகளும் சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக் கொள்கின்றன. அருகில் கழிவுநீர் கசிந்தால் அதுவும் உள்ளே சென்று, அடுத்த விநியோகத்தில் வீடு வந்து சேர்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் பாதாளச் சாக்கடை இன்னும் எல்லா வீடுகளையும் எட்டவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குச் சில அடி தொலைவிலேயே நிலத்தடிக் குடிநீர்த் தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் இருக்கும் வீடுகள் பல. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். தென்புறநகரான பல்லாவரத்தில் 2024 டிசம்பரில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றனர் மக்கள்; அரசுத் தரப்பு அதை மறுத்தது. நீரின் தரம் குறித்த விவரம் முன்பே பொதுவெளியில் இருந்திருந்தால், அந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

வாந்தி, வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை மாசடைந்த நீரால் பரவுபவை. குழந்தை தன் எடைக்கேற்ப ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிக நீர் அருந்துகிறது. உடலில் இருந்து நீர் வெளியேறினால் விரைவில் தளர்ந்துவிடுகிறது. உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4.4 லட்சம் குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பிழைத்தாலும், அடிக்கடி நோயுறும் குழந்தைக்கு உண்ட உணவு உடலில் ஒட்டுவதில்லை, வளர்ச்சி குன்றுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. நீரை நன்கு கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூடி வைக்க வேண்டும். தொட்டியை முறையாகக் கழுவ வேண்டும். டிடிஎஸ் கருவி காட்டும் எண் கரைந்துள்ள உப்புகளின் அளவே. அது கிருமியைக் காட்டாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் ஓஆர்எஸ் கரைசலை உடனே தொடங்கி, மருத்துவர் அறிவுரைப்படி 14 நாள் துத்தநாக மாத்திரை தர வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து, கண்கள் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆனால், கொதிக்க வைக்கும் பொறுப்பைத் தாய்மார்களிடம் விட்டுவிட்டு நிர்வாகம் ஒதுங்கிவிட முடியாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி 100 மில்லி லிட்டர் குடிநீரில் ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். குடிநீர் வாரியமும் ஆவடி, பூந்தமல்லி உள்ளாட்சி அமைப்புகளும் இச்சோதனைகளின் முடிவுகளைத் தெருவாரியாக, அங்கன்வாடிச் சுவரிலும் நியாயவிலைக் கடை வாயிலிலும் வாரந்தோறும் ஒட்ட வேண்டும். அளவு குறைந்த தெருவில் குழாயைத் தோண்டிச் சீரமைக்க வேண்டும்.

முதல் குடத்தைக் கீழே ஊற்றுவது எங்கள் தெருவின் முன்னெச்சரிக்கை. அதற்குத் தேவையே இல்லாமல் செய்வதுதான் நிர்வாகத்தின் கடமை.