கடற்கரையில் வண்டித் தங்கலும் புயல் பாதுகாப்பும்

விடுதியில் அறை எடுக்காமல், பயணம் செய்யும் வண்டியையே உறங்கவும் சமைத்து உண்ணவும் பயன்படுத்திக்கொண்டு கடற்கரை, கோயில் திடல் போன்ற இடங்களில் தங்குவது வண்டித் தங்கல் ஆகும். மேலை நாடுகளில் இதற்கெனப் படுக்கை, அடுப்பு, கழிப்பறை ஆகியவற்றுடன் கட்டப்பட்ட கேரவன் வண்டிகள் உள்ளன. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றே பலரும் அறிவர். கேரள அரசு 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு இச்சொல் சுற்றுலாவோடும் சேர்ந்தது. ஆனால் பெயர்தான் புதிது. வாடகை வேனில் பாய், தலையணை, அரிசி, அடுப்பு என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கடலோரத் தலங்களுக்குச் சென்று வண்டியிலேயே படுத்தெழுவது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம்.

உள்நாட்டுப் பயணிகளும் புயல் பருவமும்

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள எழுமலை போன்ற ஊர்களில் இருந்து இராமேசுவரம் 200 கி.மீ.க்கும் மேல். காலையில் சென்று மாலையில் திரும்புவது கடினம் என்பதால் ஓரிரவு தங்கும்படியே பயணம் அமைகிறது. ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குச் சென்று கன்னியாகுமரி, இராமேசுவரம் வழியாகத் திரும்பும் பயணம் ஆகியவை கூட்டம் மிகும் காலங்கள். வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடல் புயல்களும் இதே மாதங்களில்தான் வருகின்றன.

மலையடிவாரத்திலும் சமவெளியிலும் வாழ்பவருக்குக் காற்று என்றால் ஆடிக்காற்று. அது புழுதியை வாரி இறைக்கும், கூரையைப் பிய்க்கும், ஆனால் கடலைக் கரையேற்றாது. கடலோரத்தில் புயல் காற்று, மழை, கடல்நீர் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. உள்நாட்டில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு கடற்கரைக் காற்றை எடைபோடுவது ஆபத்தில் முடியலாம்.

காற்று வண்டியை என்ன செய்கிறது?

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தருகிறது. 120 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 70 கிலோ ஆகிறது.

6 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட வேனின் பக்கப் பரப்பு 15 சதுர மீட்டர். அதன் மீது பக்கவாட்டில் 120 கி.மீ. வேகக் காற்று மோதினால் விழும் விசை ஒரு டன்னுக்குச் சமம். அதே வண்டி காற்றை நோக்கி முகம் காட்டி நின்றால், 2 மீட்டர் அகலம் என்று கொள்ள, விசை அதில் மூன்றில் ஒரு பங்குதான். நிறுத்தும் திசை முக்கியம் என்பதற்கு இதுவே காரணம். சுமார் மூன்று டன் எடையுள்ள வேன் தாங்கிக்கொள்ளும் காற்றில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் ஒரு டன் எடைக் கேரவன் பக்கவாட்டில் கவிழ்ந்துவிடக்கூடும். கூரையில் கட்டிய மூட்டைகள், பக்கத்தில் விரித்துக் கட்டிய தார்ப்பாய் ஆகியவை காற்று பிடிக்கும் பரப்பை மேலும் கூட்டுகின்றன.

காற்று ஒரே சீராக வீசுவதும் இல்லை. இடையிடையே வரும் வீச்சுகள் சராசரியைவிட மிகுந்த வேகம் கொண்டவை. சக்கரத்தின் கீழுள்ள மணலை மழைநீர் அரித்தால் வண்டி ஒருபுறமாகச் சாயும். கவிழ்வதற்கு அதன் பிறகு பெரிய காற்று தேவைப்படாது.

நீரே பெரிய ஆபத்து

புயல்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளுவதால் கடல்மட்டம் உயர்ந்து நிலத்திற்குள் புகுவது புயல் அலை எழுச்சி எனப்படும். ஆழம் குறைந்த கடற்பகுதிகளில் இது மிகுதியாக இருக்கும்.

ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். ஓடும் நீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய கார் மிதந்து நகரத் தொடங்கலாம். இரண்டு அடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். வண்டியின் எடை காற்றுக்கு எதிராக உதவும் அளவுக்கு நீருக்கு எதிராக உதவாது.

இதற்குத் தமிழ்நாடு அறிந்த பெரும் சான்று தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் புயல் எழுப்பிய பேரலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. தனுஷ்கோடி ஊரே அழிந்து, மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவிக்கப்பட்டது. இரும்புப் பெட்டிகளோடு தண்டவாளத்தில் நின்ற ரயிலே நிற்க முடியாத இடத்தில், மணலில் நிறுத்திய வேன் நிற்கும் என்று எண்ண இடமில்லை. அதே இரவில் இராமேசுவரத்தில் உயரமான, உறுதியான கட்டடங்களில் அடைக்கலம் புகுந்தவர்கள் தப்பினர்.

எச்சரிக்கைகளைப் புரிந்துகொள்ளுதல்

இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தைக் கொண்டு புயல்களை வகைப்படுத்துகிறது. மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டினால் அது புயல். 89 கி.மீ.க்கு மேல் தீவிரப் புயல். 118 கி.மீ.க்கு மேல் மிகத் தீவிரப் புயல். அதற்குக் குறைந்தவை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எனப்படும்.

துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணுள்ள புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. முதலாம் எண் கூண்டு தொலைவில் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளதைக் குறிக்கும். 8, 9, 10 ஆகியவை பேராபத்தைக் குறிக்கும். 11 தகவல் தொடர்பு அறுந்துவிட்டதைக் காட்டும். இவை கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் உரியவை என்றாலும், பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏறியது என்ற செய்தி கரையில் தங்குவோருக்கும் பயன்படும்.

எச்சரிக்கைக்கும் புயலுக்கும் இடையே எப்போதும் பல நாள் இடைவெளி இருக்கும் என்று கொள்ள முடியாது. 2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான தாழ்வு மண்டலம் ஏறத்தாழ ஒரே நாளில் ஒக்கிப் புயலாக மாறிக் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியது. ஆகவே கடலோரத்தில் தங்குபவர் இரவு படுக்கும் முன்பும் விடியலிலும் வானிலை அறிவிப்பைக் கேட்பது நல்லது.

இருப்பதா, கிளம்புவதா?

சாதாரண மழைக்காற்றை வண்டியில் இருந்தே கடத்திவிடலாம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் காற்று வலுப்பதற்கு முன்பே இடம் பெயர வேண்டும். கட்டடத்திற்கு இல்லாத ஒரு வசதி வண்டிக்கு உண்டு. அது அதன் சக்கரம். காலம் தாழ்த்தினால் அந்த வசதி பயனற்றுப் போகும்.

இராமேசுவரம் தீவிலிருந்து சாலை வழியாக வெளியேற 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் ஒன்றே வழி. கடலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் அப்பாலத்தில் காற்று வண்டியின் பக்கத்தில் மோதும். புயல் நெருங்கிய பின் அதைக் கடக்க முயல்வதைவிட, ஊருக்குள் உறுதியான காங்கிரீட் கட்டடத்தில் தங்குவதே மேல். கடலோர மாவட்டங்களில் இதற்கெனப் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டுள்ளன. மாவட்ட நிர்வாகத்தை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

சொந்த ஊர் திரும்புவதே எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், திண்டுக்கல் வரை உள்நாட்டிலும் சேதம் விளைவித்தது. புயல் செல்லும் பாதையைக் கேட்டறிந்து அதற்கு விலகிய திசையில் செல்ல வேண்டும்.

வண்டியிலேயே தங்க நேர்ந்தால்

பலத்த மழைக்காற்றின்போது வண்டியில் தங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. வண்டியை மணலில் இருந்து கெட்டியான, மேடான தரைக்கு மாற்றுதல். முகப்பு காற்றை நோக்கி இருக்கும்படி நிறுத்துதல்.

2. தென்னை, புளி, சவுக்கு மரங்கள், விளம்பரப் பலகைகள், மின்கம்பங்கள் ஆகியவற்றிலிருந்து விலகியிருத்தல்.

3. தார்ப்பாயையும் கூரைச் சுமையையும் இறக்குதல். கைத்தடுப்பை இறுக்கிச் சக்கரங்களுக்குக் கல் அல்லது கட்டை கொடுத்தல்.

4. மழைக்குப் பயந்து கண்ணாடிகளை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு பற்றவைக்காதிருத்தல். அடுப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

5. இடி மின்னலின்போது கதவு, கண்ணாடிகளை மூடி, உலோகப் பாகங்களைத் தொடாமல் இருத்தல். முழு உலோகக் கூடுள்ள வண்டி மின்னலை வெளிப்புறமாகத் தரைக்குக் கடத்துவதால் உள்ளிருப்போருக்குப் பாதுகாப்பு உண்டு. கூடாரத்திற்கும் நார்க்கண்ணாடியால் ஆன கேரவனுக்கும் இது பொருந்தாது.

6. எரிபொருளைப் பாதிக்கும் கீழே போகவிடாமல் வைத்திருத்தல். கைப்பேசி, கைவிளக்கு, குடிநீர், மருந்து ஆகியவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தல்.

7. தரையில் நீர் ஏறத் தொடங்கினால் உடைமைகளை விட்டு உடனே மேடான கட்டடத்திற்குச் செல்லுதல்.

புயல் ஓய்ந்ததாகத் தோன்றும் நேரம்

வலுவான புயலின் நடுவே காற்று அடங்கிய பகுதி ஒன்று உண்டு. அது புயலின் கண் எனப்படும். கண் கடக்கும்போது சட்டென்று அமைதி நிலவும். பிறகு எதிர்த்திசையிலிருந்து மீண்டும் கடுங்காற்று வீசும். முதற்காற்றுக்கு முகம் காட்டி நின்ற வண்டி அப்போது முதுகு காட்டி நிற்கும். முதற்காற்றில் ஆட்டம் கண்ட மரங்கள் இரண்டாம் காற்றில் விழும். எனவே காற்று நின்றவுடன் வெளியே வராமல், புயல் முழுமையாகக் கடந்துவிட்டது என்று அறிவிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். வெளியே வந்த பின்னும் அறுந்து கிடக்கும் மின்கம்பிகளையும் நீர் தேங்கிய சாலைகளையும் தவிர்க்க வேண்டும். வண்டியின் இயந்திரத்திற்குள் கடல்நீர் புகுந்திருந்தால் அதை இயக்கிப் பார்க்காமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதே முறை.