யுத்த காலத்தில் மளிகைக் கடை

எங்கோ யுத்தம் நடந்தால் சோமனூரில் கடை வைத்திருக்கும் நமக்கென்ன என்று தோன்றலாம். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதோடு பர்மா அரிசி வரத்து நின்றது. சென்னை மாகாணத்தின் பற்றாக்குறையை அதுநாள் வரை ஈடுகட்டி வந்தது அந்த அரிசிதான். கப்பலில் வரும் சரக்குக்கே யுத்தத்தில் முதல் அடி.

அரிசிக்குப் பின்னால் சட்டங்கள் வந்தன. அதே ஆண்டில் தானிய மொத்த வியாபாரத்துக்கு லைசென்ஸ், 1943இல் பதுக்கல், கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம், ரேஷன். யுத்தம் 1945இல் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. 1952இல் ராஜாஜிதான் அதை நீக்கினார். இன்று நாம் பயப்படும் 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டம், அந்த யுத்தகால விதிகளின் வாரிசே.

சரக்கை விடப் பெரிய தொல்லை சில்லறை. வெள்ளிக் காசையும் செப்புக் காசையும் ஜனங்கள் வீட்டில் முடக்கினார்கள். அரசாங்கம் 1940இல் ஒரு ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1943இல் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளையிட்ட காலணா வந்தது. காலணாவுக்கு உப்பு வாங்க வருபவரிடம் பாக்கி கொடுக்கக் காசில்லாவிட்டால் என்ன செய்வது? பற்று எழுத வேண்டும். பற்று எழுதினால் முதல் முடங்கும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. நூல் வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் வாரக் கூலி நிற்கும். கூலி நின்றால் நம் பேரேட்டில் பற்று மட்டும் ஏறும், வரவு ஏறாது. ஆகவே யுத்தச் செய்தி கேட்டதும் கிடங்கைப் பார்ப்பதை விட, எந்த வாடிக்கையாளருக்கு எந்தத் தொழிலில் கூலி வருகிறது என்று பார்ப்பதே முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

யாழ்ப்பாணத்து வியாபாரிகள் பட்ட பாடு இன்னும் கடுமை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பின், பெட்ரோல், உரம், சிமெண்ட், பாட்டரி முதலியவை வடக்கே போக இலங்கை அரசு தடை விதித்தது. மண்ணெண்ணெய்க்கும் கடும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டு, கொஞ்சம் எண்ணெயில் விளக்கெரித்தார்கள். துளி பெட்ரோல் விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளாலிக் கடலேரியை இரவில் படகில் உயிரைப் பணயம் வைத்துக் கடந்தார்கள்; சைக்கிளில் மூட்டை கட்டிச் சரக்கு கொண்டு போனார்கள். லாரி லோடாக வாங்கிப் பழகியவருக்கு அங்கே வழியில்லை. கேரியரில் கொள்ளும் சரக்கை விற்று, அந்தப் பணத்தை மறுபடி சுழற்றத் தெரிந்தவருக்கே வியாபாரம் நடந்தது.

மாற்றுச் சரக்கும் கை கொடுக்கும். அரிசி கிடைக்காத உலக யுத்த நாட்களில்தான் ரவை இட்லி பிறந்தது என்று பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்வதுண்டு.

நமக்கே நினைவிருப்பது 2022. பிப்ரவரி 24 அன்று உக்ரைன் யுத்தம் தொடங்கியதும், பெரும்பாலும் அங்கிருந்தே வந்த சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் நிறுத்தியது. அப்போது கடலெண்ணெயையும் தவிட்டெண்ணெயையும் எடுத்து முன்னால் வைத்தவருக்கு வாடிக்கை விட்டுப் போகவில்லை. இன்னும் ஏறும் என்று நினைத்து டின் டின்னாக அடுக்கியவர்களும் உண்டு. சில்லறைக் கடைக்கு 30 குவிண்டால்தான் இருப்பு வரம்பு என்று உத்தரவு அமலில் இருந்தது. மே 23இல் இந்தோனேசியா தடையை நீக்கியது. அடுத்த மாதங்களில் எண்ணெய் விலை சரசரவென்று இறங்கியது. உச்ச விலையில் வாங்கிய டின்கள் அப்போதும் கிடங்கில்தான் இருந்தன.