டயட்டீஷியனைப் போனில் பார்ப்பதா, நேரில் பார்ப்பதா?



காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் பூட்ட இரவு பத்து ஆகிவிடுகிறது. இடையில் நாம் எப்போது சாப்பிடுவது என்பதை வாடிக்கையாளர்தான் தீர்மானிக்கிறார். லாரியில் சரக்கு இறங்கும் நாளில் மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. வசூலுக்கு வந்தவருக்கு ஒரு டீ, அவரோடு நமக்கும் ஒன்று. இப்படியே ஓடி ஐம்பது வயதைத் தொடும்போது நம்மில் பலருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்து சேர்ந்துவிடுகின்றன. நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "ஒரு டயட்டீஷியனைப் பாருங்கள்" என்கிறார். நெமிலியில் இருக்கும் நமக்கு அங்கேதான் சிக்கல். அரக்கோணமோ, ராணிப்பேட்டையோ, வேலூரோ போய் வந்தால் அன்றைய வியாபாரம் போயிற்று. செல்போனில் வீடியோ மூலமாகவே ஆலோசனை தருகிறோம் என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன. இதை நம்பலாமா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

நமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் சந்திப்பு நேரில் இருக்கட்டும். அடுத்தடுத்த சந்திப்புகளைப் போனில் வைத்துக்கொள்ளலாம். சில நோய்களுக்கு மட்டும் எப்போதும் நேரில்தான் போக வேண்டும்.

ஒரு கடையில் நடந்தது

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் போனில் பணம் கட்டி உணவு அட்டவணை வாங்கினார். காலைப் பலகாரத்தை விட்டுவிட்டுப் பகல் பன்னிரண்டுக்கு முதல் உணவு என்று அதில் இருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இவர் சாப்பிட்டது கிளிமிபிரைடு. அது உடலில் இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கிவிடும். பதினோரு மணிக்குத் தராசு முன்னால் நின்றவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் இருண்டது. கடைப் பையன் சமயோசிதமாகச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார்.

இதைப் போனின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நேரில் போனாலும் கேட்காமல் விடுபவர்கள் உண்டு. ஆனால் நேரில் போகும்போது மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும் கூடவே பையில் போகின்றன. மருத்துவமனையாக இருந்தால் சந்தேகம் கேட்க டாக்டரும் அதே கட்டடத்தில் இருக்கிறார்.

நேரில் போவதன் லாபம்

எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம் மூன்றையும் அங்கேயே எடுத்துவிடுவார்கள். காலில் வீக்கம் இருந்தால் கண்ணில் படும். "ஒரு கப் சாதம்" என்றால் எந்தக் கப் என்று கையில் எடுத்துக் காட்டுவார்கள். முக்கியமாக, வீட்டில் சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். குழம்பில் எண்ணெய் எவ்வளவு விழுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 2022இல் ராணிப்பேட்டையிலும் ஒரு வளாகம் திறந்திருப்பதால் நம் பகுதியினருக்குத் தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எந்த மருத்துவமனையானாலும், டயட்டீஷியன் எந்த நாளில், எத்தனை மணிக்கு இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு, டாக்டரைப் பார்க்கும் நாளிலேயே அதையும் முடித்துக்கொள்ளுங்கள்.

போனில் பார்ப்பதன் லாபம்

உணவு மாற்றம் ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. ஒருமுறை வாங்கிவந்த சீட்டு அடுத்த மாதம் காலண்டருக்குப் பின்னால் போய்விடுகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது கேள்வி கேட்டால்தான் நாம் கடைப்பிடிப்போம். அதற்குப் போன் நல்ல வழி. சர்க்கரை அளவையும் சாப்பாட்டுத் தட்டின் படத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டால், கடைப் பின்கட்டில் உட்கார்ந்தே பேசி முடித்துவிடலாம்.

தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா கிராமத்தில் அப்போலோ மருத்துவமனை 2000ஆம் ஆண்டிலேயே இதைத் தொடங்கியது. டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் ஆலோசனை தருவதற்கான மத்திய அரசின் நெறிமுறைகள் 2020 மார்ச்சில் வெளியாயின. அதே ஆண்டில் வந்த இ-சஞ்சீவனி என்ற அரசுச் சேவையில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம்.

யார் கட்டாயம் நேரில் போக வேண்டும்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புதிதாக இன்சுலின் தொடங்கியவர்கள், கர்ப்பிணிகள், காரணம் தெரியாமல் எடை குறைபவர்கள், கால் வீக்கமோ ஆறாத புண்ணோ உள்ளவர்கள், காது சரியாகக் கேளாத முதியவர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரும் பழச்சாறும்கூட ஆபத்தாகலாம். அவற்றில் உள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் சரிவர வெளியேற்ற முடியாது. கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் இவர்களுக்கு யாரும் பட்டியல் போடக் கூடாது.

ஆளைத் தெரிந்துகொள்வது எப்படி?

முத்திரை இல்லாத தராசைக் கடையில் வைக்கிறோமா? அதேபோல் இங்கும் படிப்பைக் கேளுங்கள். உணவு, ஊட்டச்சத்துப் பாடத்தில் பட்டம் பெற்றவரா? இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வு எழுதி, பதிவு பெற்ற டயட்டீஷியன் ஆனவரா? 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலினர் சட்டம் டயட்டீஷியன்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. கேட்பது நம் உரிமை.

முதல் பேச்சிலேயே மாவு டப்பா, சத்துப் பொடி என்று விற்க வருபவரிடம் எச்சரிக்கை வேண்டும். மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்பவரை உடனே விட்டு விலகுங்கள். மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் டாக்டருக்கு மட்டுமே அதிகாரம்.

போகுமுன் எடுத்து வைக்க வேண்டியவை

1. மருந்துச் சீட்டு, மாத்திரைகளின் பெயர், சாப்பிடும் நேரம்.

2. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கிரியேட்டினின், கொழுப்புப் பரிசோதனை முடிவுகள்.

3. மூன்று நாள் உணவுக் கணக்கு. அதில் ஒரு நாள் கூட்டம் அதிகமுள்ள நாளாக இருக்கட்டும். எத்தனை டீ, எத்தனை வடை என்பதை மறைக்காமல் எழுதுங்கள். பேரேட்டில் வரவை மறைத்தால் நமக்கே கணக்கு உதைக்கும் அல்லவா?

4. வீட்டுச் சமையலுக்கு மாதம் போகும் எண்ணெய், உப்பு, சர்க்கரை. இதை நம்மைப்போல் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது.

நான்காவதற்கு ஒரு கணக்கு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய் வகை 27 கிராம் என்று இருக்கிறது. பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் கூடாது. அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் நால்வருக்கு 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இதில் அடக்கம். நம் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று இன்றே பாருங்கள்.

ஒரு வேண்டுகோள்

முதல் சந்திப்புக்காக ஆளாளுக்குக் கடையை அடைத்துவிட்டுப் போவதைவிட, பதிவு பெற்ற டயட்டீஷியன் ஒருவரைச் சங்கத்தின் சார்பில் ஒருநாள் நெமிலிக்கே வரவழைக்கலாம். குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டால், பிறகு அவரிடமே போனில் தொடரலாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கடைப் பையனிடம் அதைச் சொல்லி வையுங்கள். முதலாளிக்கு வியர்த்து நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்ய வேண்டும். இது அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.